எந்த மஞ்சள்? கூகுளுக்குச் சொல்ல மறந்த பனியன் படங்கள்

திருப்பூர் 15 வேலம்பாளையத்தில் என் சித்தி வீடு. முன்னறையில் இரண்டு ஓவர்லாக் மிஷின், ஒரு ஃபிளாட்லாக். நடுவில் துணி மூட்டை. அதைத் தாண்டிப் போனால்தான் சமையலறை. சித்தப்பா எக்ஸ்போர்ட் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். 2025 ஆகஸ்ட் 27-ம் தேதி, இந்தியப் பொருட்கள் மீதான கூடுதல் வரியை அமெரிக்கா 50 சதவிகிதமாக்கியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதற்கடுத்த மாதங்களில் சித்தப்பாவுக்கு வாரத்தில் நான்கு நாள்தான் வேலை. அதுவரை அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த சித்தி, தெரிந்த பையனைப் பிடித்து ஒரு வெப்சைட் போட்டுவிட்டார். பிறந்த குழந்தையிலிருந்து ஐந்து வயது வரைக்குமான துணி. ஜப்லா, ஃப்ராக், டிராயர், பனியன்.

மூன்று மாதத்தில் இரண்டு ஆர்டர் வந்தது. இரண்டுமே சொந்தக்காரர்கள். அதில் ஒன்று நான்.

"ஏன் கண்ணு, கூகுள்ல 'குழந்தை ஜப்லா'ன்னு போட்டா யார் யாரோ வர்றாங்க, நம்ம கடை மட்டும் வர மாட்டேங்குது. காசு கட்டோணுமா?"

கட்ட வேண்டியதில்லை. விளம்பரத்துக்குக் காசு கட்டினால் விளம்பரம் வரும். அதற்குக் கீழே இயல்பாக வரும் தேடல் முடிவுகளில் இடம்பிடிக்கக் காசு உதவாது என்று கூகுளே சொல்கிறது. சித்தியின் தளத்தைத் திறந்து பார்த்தேன். 140 படங்கள். துணி அழகு, தையல் அழகு. ஆனால் ஒவ்வொரு படத்தின் பெயரும் 'ஐ.எம்.ஜி.-20250914-டபிள்யூ.ஏ.0031' என்ற வகை. போனில் எடுத்து, வாட்ஸ்அப்பில் அந்தப் பையனுக்கு அனுப்பி, அவன் வந்ததை வந்தபடி ஏற்றியிருக்கிறான். படத்துக்குக் கீழே 'நியூ அரைவல்' என்று இரண்டு வார்த்தை. அவ்வளவுதான். வாசலில் போர்டும் இல்லை, உள்ளே லேபிளும் இல்லை. 140 மூட்டைகளைக் கட்டி வைத்திருக்கும் குடோன் மாதிரி இருந்தது அந்தக் கடை.

கூகுளில் படம் தேடும் வசதி பிறந்ததே ஒரு துணியால்தான் என்று சொன்னதும் சித்தி மிஷினை நிறுத்திவிட்டார். 2000-ம் ஆண்டு பிப்ரவரி 23. லாஸ் ஏஞ்சலஸில் கிராமி விருது விழா. பாடகி ஜெனிஃபர் லோபஸ், வெர்சாச்சே நிறுவனத்தின் பச்சை நிற கவுன் ஒன்றை அணிந்து வந்தார். காட்டு இலைகள் அச்சிட்ட, மெல்லிய துணி. மறுநாள் உலகமே அந்த உடையைத் தேடியது. கூகுள் அதுவரை பார்த்ததிலேயே அதிகம் பேர் தேடிய விஷயம் அதுதான் என்று, அந்நிறுவனத்தின் முன்னாள் தலைமைச் செயல் அதிகாரி எரிக் ஷ்மிட் 2015-ல் எழுதினார். தேடியவர்களுக்கு வேண்டியது அந்த உடையின் படம். கூகுளிடம் அன்று இருந்ததோ எழுத்து லிங்குகள் மட்டும். 2001 ஜூலையில் 'கூகுள் இமேஜஸ்' வந்தது.

அன்றைய கூகுளுக்குப் படத்தைப் பார்க்கும் கண் கிடையாது. படத்தின் பெயர், பக்கத்தில் எழுதியிருக்கும் வரிகள், படத்தோடு ஒட்டி வைத்த குறிப்பு ஆகியவற்றைப் படித்துத்தான் 'இது இன்ன படம்' என்று முடிவு செய்தது. இன்றைக்குக் கண்ணும் வந்துவிட்டது. 2017-ல் அறிமுகமான கூகுள் லென்ஸில் கடைவீதியில் போகிறவரின் சட்டையைக்கூடப் படமெடுத்துத் தேடலாம். அப்படியிருக்க எழுத்து எதற்கு என்று கேட்கலாம். சித்தியின் படத்தைப் பார்த்து, 'மஞ்சள் நிறக் குழந்தை உடை' என்று இயந்திரம் கண்டுபிடித்துவிடும். அது காட்டனா பாலியெஸ்டரா, பட்டனா கட்டா, மூன்று மாதக் குழந்தைக்கா ஒரு வயதுக்கா, எந்த ஊரில் தைத்தது என்பதெல்லாம் படத்தில் இல்லை. வாங்குகிற அம்மா தேடுவது அதைத்தான். அதனால்தான் இன்றும் படத்தை, குறிப்பை, பக்கத்திலுள்ள எழுத்தை எல்லாம் சேர்த்துத்தான் புரிந்துகொள்கிறோம் என்று கூகுள் தன் வழிகாட்டியில் சொல்கிறது.

அந்தக் குறிப்புக்குப் பெயர் 'ஆல்ட் டெக்ஸ்ட்'. உங்கள் வெப்சைட்டில் படத்தை ஏற்றும்போது ஓரத்தில் காலியாக ஒரு பெட்டி தெரியும். பெரும்பாலானவர்கள் காலியாகவே விட்டுவிடும் பெட்டி அது. 'இதில் படத்தைப் பற்றி ஒரு வரி எழுதுங்க' என்று சித்தியிடம் சொன்னேன். பத்து நிமிடம் யோசித்து 'அழகான டிரஸ்' என்று அடித்தார். அப்புறம் 'மிக அழகான டிரஸ்' என்று திருத்தினார்.

அந்த நேரத்தில்தான் போன் வந்தது. பெருமாநல்லூரிலிருந்து யாரோ ஓர் அக்கா, ஸ்டேட்டஸ் பார்த்துக் கேட்கிறார். சித்தி போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையில் துணியைத் திருப்பியபடியே பேசினார்.

"மஞ்சள்தானுங்க. எலுமிச்சை மஞ்சள் இல்லீங்க, மாம்பழ மஞ்சள். கை இல்லாதது. முன்னாடி ரெண்டு பக்கமும் கட்டு வெச்சிருக்கு, தலை வழியா மாட்டோணும்னு இல்ல. சுத்தமான காட்டன், சிங்கிள் ஜெர்சி. மூணு மாசத்துல இருந்து ஆறு மாசக் குழந்தைக்குச் சரியா இருக்கும். நெஞ்சுல சின்னதா ஒரு யானை."

போனை வைத்ததும் சொன்னேன். "சித்தி, இப்ப சொன்னீங்களே, அதை அப்படியே அந்தப் பெட்டிக்குள்ள போடுங்க."

எதிரில் இருப்பவருக்குப் படம் தெரியாது என்று வைத்துக்கொண்டு பேசுவதுதான் ஆல்ட் டெக்ஸ்ட். வருடக்கணக்கில் போனில் ஆர்டர் எடுத்த எந்தத் திருப்பூர்க்காரருக்கும் இது கைவந்த கலை. கீபோர்டைக் கண்டதும்தான் மறந்துபோகிறது. நாங்கள் எழுதி முடித்த வரி இது: 'முன்பக்கம் கட்டு வைத்த கையில்லாத மாம்பழ மஞ்சள் காட்டன் ஜப்லா, நெஞ்சில் யானை பிரின்ட், 3 முதல் 6 மாதக் குழந்தைக்கு.' இதற்கு மேல் வேண்டாம்.

பையர் பேசும் மொழி, அம்மா தேடும் மொழி

இந்த ஊரின் தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. இங்கே எல்லோருக்கும் தொழில் பாஷை அத்துப்படி. '180 ஜி.எஸ்.எம்., 30-ஸ் கோம்ப்டு, பயோ வாஷ், ஆர்.என்.' என்று ஒரு வரி சொன்னால் காதர்பேட்டையில் வியாபாரம் முடிந்துவிடும். அதையே வெப்சைட்டிலும் எழுதி வைக்கிறார்கள். மொத்த வியாபாரிக்கு அது சரி. சில்லறைக்கு வாங்குகிறவர் யாரும் ஜி.எஸ்.எம். என்று தேடுவதில்லை. 'வெயிலுக்கு மெல்லிசான பனியன்' என்றோ 'வட்டக் கழுத்து டி-சர்ட்' என்றோதான் தேடுவார். சதுர மீட்டருக்கு 180 கிராம் என்பதைப் பக்கத்தின் விவரத்தில் போடுங்கள். கூடவே 'ரொம்பக் கனமும் இல்லை, உள்ளே தெரிகிற அளவு மெல்லிசும் இல்லை' என்று வாயில் வருகிற மாதிரி ஒரு வரி எழுதுங்கள்.

ஊருக்கு ஊர் வார்த்தையும் மாறும். நமக்குப் பனியன், வங்காளத்தில் கஞ்சி, கான்வென்ட் ஆங்கிலத்தில் வெஸ்ட். நைட்டியை மேக்ஸி என்பவரும் இருக்கிறார்கள், நைட் கவுன் என்பவரும் இருக்கிறார்கள். அதற்காக எல்லாப் பெயரையும் ஒரே வரியில் கொட்டக் கூடாது. இதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் செய்தவள் நான். டிஜிட்டல் டெஸ்க்கில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கோயில் திருவிழாப் படத்தின் ஆல்ட் பெட்டியில் ஊர்ப் பெயர், சாமி பெயர், நடிகர் பெயர், 'இன்றைய செய்தி', 'வைரல்' என்று பதினெட்டு வார்த்தைகளை அடுக்கினேன். தேர் என்ற வார்த்தை மட்டும் இல்லை. படத்தில் இருந்தது தேர்! இப்படி வார்த்தைகளைத் திணிப்பதைக் கூகுள் ஸ்பாமாகப் பார்க்கும். ஒரு படத்துக்கு ஒரு வார்த்தை போதும். இன்னொரு படத்தில், அதாவது அதே துணியைப் பின்பக்கம் காட்டும் படத்தில், பொருத்தமாக இன்னொரு பெயரை இயல்பாகச் சேர்க்கலாம்.

தமிழில் எழுதலாமா, ஆங்கிலத்திலா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பக்கம் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில்.

பெயரும் எடையும்

ஃபைல் பெயர் சின்ன வேலை, அதனாலேயே யாரும் செய்வதில்லை. கேமரா கொடுத்த எண்ணை எடுத்துவிட்டு, 'மஞ்சள் காட்டன் ஜப்லா' என்பதற்கு ஆங்கிலத்தில் என்னவோ அதை, வார்த்தைகளுக்கு நடுவில் சின்னக் கோடு போட்டு எழுதுங்கள். அடிக்கோடு வேண்டாம், நடுக்கோடு. ஆனால் ஏற்கெனவே தளத்தில் ஏறிவிட்ட படங்களின் பெயரை மாற்ற உட்காராதீர்கள். பெயர் மாறினால் படத்தின் முகவரியே மாறிவிடும், கூகுள் அதை மறுபடி முதலிலிருந்து கண்டுபிடிக்க வேண்டும். பழைய படங்களுக்கு ஆல்ட் மட்டும் போதும். புதிதாக ஏற்றுவதற்குப் பெயரும் சேர்த்து. சித்தியின் 140 படங்களிலும் இந்த முடிவைத்தான் எடுத்தோம், இல்லையென்றால் பொங்கல் வந்திருக்கும்.

எடைதான் பெரிய விஷயம். 12 மெகாபிக்ஸல் போனில் எடுத்த படம் 4,000 புள்ளி அகலம், 3,000 புள்ளி உயரம் இருக்கும். உங்கள் வாடிக்கையாளர் பார்ப்பது உள்ளங்கை அகலத் திரையில். அகலத்தை 1,200 புள்ளியாகக் குறைத்தால் மொத்தப் புள்ளிகள் பதினொன்றில் ஒரு பங்காகிவிடும். திரையில் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. ஃபைலை 'வெப்-பி' வகையில் சேமித்தால் இன்னும் மிச்சம். கூகுள் 2010-ல் கொண்டுவந்த வடிவம் இது, அதே தரமுள்ள ஜேபெக் படத்தைவிட 25 முதல் 34 சதவிகிதம் சிறியது என்பது அவர்கள் கணக்கு. இதற்குத் தனி சாஃப்ட்வேர் வாங்க வேண்டாம். கூகுளின் குரோம் குழு செய்த 'ஸ்குவூஷ்' இலவசம். பிரவுசரிலேயே திறக்கும், உங்கள் படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. குறைப்பதற்கு முன்னும் பின்னும் எப்படி இருக்கும் என்பதை நடுக்கோட்டை நகர்த்திப் பார்க்கலாம்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? பக்கத்தின் பெரிய படம் அல்லது பெரிய எழுத்துப் பகுதி இரண்டரை விநாடிக்குள் திரையில் வந்துவிட வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். தரவரிசையில் இதற்கும் கொஞ்சம் பங்கு உண்டு. அதைவிட முக்கியம், தாராபுரம் பஸ்ஸில் நின்றபடி இரண்டு கோடு சிக்னலில் உங்கள் கடையைத் திறக்கும் மனிதர். நான்கு எம்பி படம் பன்னிரண்டு ஒரே பக்கத்தில் இருந்தால் ஏறக்குறைய 50 எம்பி. அவர் காத்திருக்க மாட்டார். 'பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ்' என்ற கூகுளின் இலவசப் பக்கத்தில் உங்கள் தள முகவரியைக் கொடுத்தால் எந்தப் படம் கனம் என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

ஒரு எச்சரிக்கை. எடை குறைக்கிறேன் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பி, திரும்ப இறக்கி ஏற்றாதீர்கள். அது தன் இஷ்டத்துக்கு நசுக்கும். பனியன் துணியின் கண்ணி, ரிப்பின் வரி எல்லாம் மெழுகிவிடும். அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள்.

படத்தின் மேலேயே விலை, போன் நம்பர், 'ஆஃபர் ஆஃபர்' என்று சிவப்பில் எழுதுவதும் இங்கே பெரிய பழக்கம். திருட்டுக்குப் பயந்து பெயரைக் குறுக்கே அடிக்கிறார்கள். பயம் நியாயமானது, இந்த ஊரில் ஒருவர் எடுத்த படம் சாயங்காலத்துக்குள் பத்து ரீசெல்லர் கையில் இருக்கும். ஆனால் கூகுளின் ஷாப்பிங் பட்டியலுக்குப் பொருளைக் கொடுக்கும்போது இப்படி விளம்பர எழுத்தோ வாட்டர்மார்க்கோ உள்ள படத்தை ஏற்க மாட்டார்கள். விலையைப் பக்கத்தில் எழுதுங்கள், படத்தைப் படமாக விடுங்கள். அதேபோல எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் விற்பவர்கள் வெளிநாட்டு பிராண்டின் வெப்சைட்டிலிருந்து மாடல் படத்தை எடுத்துப் போடுவது வேண்டாம். அது அவர்களின் சொத்து. மேலும் ஒரே படம் பத்துத் தளங்களில் கிடக்கும்போது தேடுபவரிடம் உங்கள் கடையைக் காட்டத் தனிக் காரணம் என்ன இருக்கிறது? கயிற்றில் தொங்கவிட்டு, காலை வெளிச்சத்தில் நீங்களே எடுத்த படம் மேல். டியூப்லைட் வெளிச்சத்தில் மாம்பழ மஞ்சள் எலுமிச்சையாகிவிடும், அப்புறம் ரிட்டர்ன் வரும்.

கண்ணை மூடிக் கேட்டபோது

ஆல்ட் டெக்ஸ்ட் கூகுளுக்காகப் பிறந்ததில்லை. 1993-ல் மார்க் ஆண்ட்ரீசன் வெப் பக்கத்தில் படம் போடும் கட்டளையை முன்மொழிந்தார். 1995 நவம்பரில் வெளியான எச்.டி.எம்.எல். 2.0-வில் இந்த மாற்று எழுத்தும் இருந்தது. கூகுள் நிறுவனம் தொடங்கியதே 1998-ல்தான். படம் தெரியாத பிரவுசர்கள் இருந்த காலம் அது; படம் தெரியாத மனிதர்கள் எக்காலத்திலும் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். அவர்களில் ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர்களுக்குத் திரையில் இருப்பதைப் போனே வாசித்துச் சொல்லும். ஆண்ட்ராய்டில் அதற்கு 'டாக்பேக்' என்று பெயர், ஐபோனில் 'வாய்ஸ்ஓவர்'. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்திருக்கிறது. வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு தொடர்பான வழக்கு அது. சித்தியின் ஜப்லா கடைக்கு யாரும் நோட்டீஸ் அனுப்பப் போவதில்லை. ஆனாலும் என் போனில் டாக்பேக்கைப் போட்டு, சித்தியைக் கண்ணை மூடச் சொல்லி, அவர் கடையையே அவருக்குக் கேட்கவைத்தேன்.

ஆல்ட் எழுதாத படத்தில் விரல் பட்டதும், போன் அந்த ஃபைல் பெயரை வாசிக்க ஆரம்பித்தது. ஐ, எம், ஜி, கோடு, இரண்டு, பூஜ்யம், இரண்டு, ஐந்து... அடுத்த படம். மறுபடி ஐ, எம், ஜி. மூன்றாவது படத்தில் சித்தி கண்ணைத் திறந்துவிட்டார். "ஐயோ, போதும் கண்ணு. கடைக்கு வந்தவங்ககிட்ட நம்பரையா சொல்லிட்டிருக்கேன்?" நான்காவது, நாங்கள் எழுதிய மஞ்சள் ஜப்லா. 'முன்பக்கம் கட்டு வைத்த...' என்று போன் பேசியது. யானை வரைக்கும் கேட்டார்.

நீங்களும் முயன்று பாருங்கள். செட்டிங்ஸில் 'அக்சஸிபிலிட்டி'க்குள் டாக்பேக் இருக்கும். போட்டதும் போன் பழக்கம் மாறிவிடும், பதற வேண்டாம்: ஒருமுறை தொட்டால் வாசிக்கும், இருமுறை தட்டினால்தான் திறக்கும். அணைப்பதற்கும் அதே இருமுறை.

இப்போது ஏ.ஐ. கருவிகளிடம் படத்தைக் கொடுத்தால் குறிப்பை எழுதித் தந்துவிடும். நாங்களும் கொடுத்துப் பார்த்தோம். இலக்கணம் நன்றாக இருந்தது. பாலியெஸ்டர் கலந்த ஒரு டிராயரை 'மென்மையான பருத்தி' என்று எழுதியது. அதற்குத் தொட்டுப் பார்க்கக் கை இல்லையே, பாவம். குழந்தைக்கு வேர்க்குரு வந்தால் அம்மா ஏ.ஐ.-யைத் திட்ட மாட்டார், சித்தியைத்தான் திட்டுவார். கருவி எழுதியதைத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு திருத்துங்கள்.

வெப்சைட் இல்லை, இன்ஸ்டாகிராம் மட்டும்தான் என்பவர்களுக்கும் ஒரு விஷயம். 2025 ஜூலையிலிருந்து, எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கும் தொழில்முறைக் கணக்குகளின் படங்கள் கூகுள் தேடலிலும் வரலாம் என்று இன்ஸ்டா அனுமதித்திருக்கிறது. அங்கேயும் போஸ்ட் போடும்போது ஆல்ட் டெக்ஸ்ட் எழுதும் இடம் உண்டு. 24 மணி நேரத்தில் மறைந்துபோகும் ஸ்டேட்டஸுக்கு எடுக்கும் மெனக்கெடலில் பாதியை இதில் போடலாம்.

பலன் எப்போது என்று கேட்காதீர்கள். சிலது நாட்களில் தெரியும், சிலதுக்கு மாதங்கள் ஆகும். இலவசமான 'சர்ச் கன்சோல்' கணக்கில் தேடல் வகையை 'இமேஜ்' என்று மாற்றினால், உங்கள் படங்கள் எத்தனை முறை யார் கண்ணிலாவது பட்டன, என்ன வார்த்தைக்கு என்று பார்க்கலாம். ஆறு வாரம் கழித்துச் சித்தியின் கணக்கைத் திறந்தேன். முன்பு பூஜ்யம் இருந்த இடத்தில் இரண்டு இலக்க எண். பிரமாதம் என்று சொல்ல முடியாது. வந்த தேடல்களில் ஒன்று, 'கட்டு வைத்த ஜப்லா'. அந்த வார்த்தை சித்தியுடையது; எனக்குத் தெரியாது, அந்த வெப்சைட் பையனுக்கும் தெரிந்திருக்காது.

அதற்கடுத்த வாரம் தேனியிலிருந்து ஓர் ஆர்டர். சொந்தமா என்று சித்தப்பா இரண்டு பக்கத்துக் குடும்பத்தையும் அலசிப் பார்த்துவிட்டார். இல்லையாம்.

இன்னும் 74 படங்களுக்கு எழுத வேண்டும். தினமும் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஐந்து என்று கணக்கு. சித்தி துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சொல்கிறார், சித்தப்பா டைப் செய்கிறார். நேற்று இருவருக்கும் சண்டை. ஒரு ஃப்ராக்கை அவர் 'நீலம்' என்று அடித்துவிட்டாராம். அது மயில் கழுத்துக் கலர்.